பதினொரு அம்புகள்

குலசேகரத்தில் மழை விடாத வாரம்.
வெட்டில்லை, பால் வரவில்லை,
ரப்பர் சங்கத்தில் எல்லாருக்கும் என்னோடு பேச நேரமிருந்தது.
"சங்கம் எப்படி நடக்குதுன்னு ஒரு படம் வேணுமாம்,
சர்டிபிகேட்காரன் கேக்கான்" என்றார் செயலாளர் ரசலையன்.

முதலில் மரம் வரைந்தேன்.
உச்சியில் தலைவர், கீழே செயலாளர், அதற்கும் கீழே கிளார்க்.
பிரேம் போட்டு மாட்டலாம் என்றார்.
ஆனால் அந்த மரத்தில்
எங்கே கீறினாலும் பால் வரவில்லை.

அடுத்து பாய்வுப் படம்.
கட்டம், அம்பு, சாய்சதுரத்துக்குள் கேள்வி.
மழையா? ஆம் என்றால் வீட்டுக்குப் போ.
பால் உறைந்துவிட்டதா? ஆம் என்றால் ஒட்டுப்பால் விலை.
காலைக் கேன் முதல் ராத்திரி லாரி வரை
எல்லாம் ஓடியது, ஆள் மட்டும் இல்லை.
கேன் தானாக நடந்து தராசில் ஏறி நின்றது.

மூன்றாவது, ஆளுக்கொரு வரிசை.
நான்கு பேருக்கு அளந்து கோடு போட்டிருந்தேன்.
ஐந்தாவதாக, தாளின் ஓரத்தை நெருக்கிக்கொண்டு,
புஷ்பலீலா வந்தாள்.
மரத்தில் இல்லாதவள். தினக்கூலி.
சாம்பிள் எடுப்பவள், ஆசிட் விட்டு உறைய வைப்பவள்,
காய்ந்த தகட்டை நிறுத்து சதவீதம் எழுதுபவள்;
அந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லாருக்கும் காசு.
எண் குறைந்தால் வெட்டுக்காரர்கள் கத்துவார்கள், அதையும் அவளே கேட்பாள்.
அதற்கு என்ன வடிவம் என்று குறியீட்டுப் பட்டியலில் தேடினேன்.
இல்லை.
ஒரு மேகம் போட்டுவைத்தேன்.

ரசலையன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா மரம் போரும் பிள்ளே.
இவ்வளவு கோட்டப் பாத்தா அவனுக்கு வேற கேள்வி வரும்."
மரம் கூரியரில் போனது.

மேசையில் கிடந்த தாளைச் சாயங்காலம் அவள் பார்த்தாள்.
"இந்த அம்புன்னா என்ன?"
உங்க கைக்கு வருவது. உங்க கையிலிருந்து போவது.
விரல் வைத்து எண்ணினாள்.
பதினொண்ணு.
தலைவர் வரிசையையும் எண்ணினாள். ரெண்டு.
"எனக்கு இதுல ஒரு நகல் வேணும்.
நாகர்கோவில் லேபர் ஆபீசுல மனு கெடக்கு, மூணு வருஷமா."

சந்தை முக்கு ஜெராக்ஸ் கடையில் பெரிய தாள் இல்லை.
படம் இரண்டு துண்டாக வந்தது,
வெட்டு சரியாக அவள் வரிசையின் நடுவே.
கடைக்காரனின் பசை டப்பா காய்ந்திருந்தது.
அவள் பைக்குள் துழாவி ஒரு சாம்பிள் குப்பியைத் திறந்தாள்.
போன வாரத்துப் பால், அமோனியா நெடி கண்ணில் ஏறியது.
சுண்டுவிரலால் தொட்டு ஓரத்தில் இழுத்தாள்,
அம்போடு அம்பு பொருத்தினாள்.

வெளியே இன்னும் மழை.
காயட்டும் என்று இரண்டு பேரும் ஊதினோம்.