சான்றுப் பொருள்

வருகிறோம் என்று வியாழக்கிழமை கடிதம் போனது.
இருபத்து நான்கு மணி நேரம் முன்னால்
சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.
பெயிண்ட் காய நான்கு மணி நேரம் போதும்,
அதிலும் ஜெலுத்தோங் வெயிலில்.

நாங்கள் மாடியேறினோம்.
ஏழு அறை என்று புகார்.
ஆறைக் காணோம்.
தடுப்புப் பலகை நின்ற இடமெல்லாம் புது வெள்ளை,
தரையில் மட்டும்
பலகை மறைத்திருந்த பழைய மொசைக்
கோடு கோடாய்ப் பளிச்சிட்டது.
"பெரிய ஹால், ஒரே குடும்பம்" என்றார் ஏஜெண்டு கோர்.
படிக்கட்டில் பதினேழு ஜோடி செருப்பு.
நேப்பாளப் பையன் ஒருவன்
விருந்துக்கு வந்தேன் என்றான்,
கையில் துவைத்த துணி வாளி.

ஏழாவது அறையை உடைக்க முடியவில்லை.
உள்ளே தவமலர் தாழிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
பாயான் லெப்பாஸ் பேக்டரியில் இரவு ஷிப்ட்,
காதில் பஞ்சு.
தச்சன் தட்டியதும் கேட்கவில்லை,
கோர் கத்தியதும் கேட்கவில்லை.
நான் தட்டியது எப்படியோ கேட்டது.

அளந்தோம். ஏழடிக்கு ஆறடி.
ஜன்னல் இல்லை என்று எழுத
ஒரு கட்டம் இருந்தது, எழுதினேன்.
வாடகை ரசீது கேட்டேன்.
கேட்க எனக்கு அதிகாரம் உண்டு,
கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை.
கொட்டாவியை விழுங்கிக்கொண்டு
கதவைச் சாத்தி அதன் முதுகைக் காட்டினாள்.

பென்சிலில், மேலிருந்து கீழாக,
முப்பத்தோரு மாதம்.
மார்ச் 350. ஏப்ரல் 350. லைட்டுக்கு 40 தனி.
பைப்பு நானே மாத்துனேன், 65 வெள்ளி, கழிக்கல.
ஜூன் 380, ஏன்னு கேட்டேன், சிரிச்சாரு.

கோர் இப்போது சிரிக்கவில்லை.

படம் போதாதா என்றேன்.
போதாது என்றார் ஹஃபிசுதீன்,
படத்தை வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார்.
சான்றாகும் எதையும் எடுத்துச் செல்லலாம்,
சட்டத்தில் அந்தச் சொல்தான் இருக்கிறது:
எதையும்.

இரண்டு கீல், எட்டுத் திருகாணி.
நானே கழற்றினேன்.
ரசீதும் எழுதிக் கொடுத்தேன்:
பிளைவுட் கதவு, ஒன்று, பச்சை, கொக்கியுடன்.
அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த
முதல் ரசீது.
மடித்துத் தொழிற்சாலை அட்டையின் உறைக்குள் வைத்தாள்.

"எப்போ திருப்பிக் குடுப்பீங்க?"
கேஸ் முடிந்ததும்.
"அது சரி, இன்னிக்குப் பகலுக்கு?"

ஹஃபிசுதீன் ஏற்கெனவே சுருட்டிய அளவு நாடாவை
இழுத்து மறுபடி சுருட்டினார்.
பதினாறு ஆண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்,
பிறகு, ஒவ்வொருவராக,
அவளைப் பார்க்காமல் இருக்க
வேறு பக்கம் திரும்பினார்கள்.
அதுவும் எனக்கு வலித்தது.

கதவு இப்போது மன்றத்தின் ஸ்டோரில்.
அங்காடிக்காரர்களிடம் பிடுங்கிய குடைகளுக்கும்
கேஸ் தோம்புகளுக்கும் நடுவில்,
என் கையெழுத்திட்ட அட்டை கழுத்தில் தொங்க.
கொக்கியில் ஒரு முடி ரப்பர்.
வழக்கு இரண்டு முறை தள்ளிப்போனது.

தீபாவளி கழிந்து மறு ஆய்வுக்குப் போனேன்.
பலகைகள் திரும்பி வந்திருந்தன,
இந்த முறை அறை எட்டு.
அவள் அறைக்கு ஒரு சாரோங், பின் குத்தி.
அடியில் இரண்டு பாதம் தெரிந்தது, தூக்கம்.

பக்கத்தில் நிலையின் மரத்தில் பென்சில்:

அக்டோபர் 380.
நவம்பர் 380.
கதவு இல்ல. கொறைக்கல.

கேமராவின் சத்தத்தை அணைத்துவிட்டுப்
படம் எடுத்தேன்.
படம் போதாது, தெரியும்.
அந்த நிலையில் எத்தனை ஆணி என்று
என் கண் அதற்குள்
எண்ணத் தொடங்கியிருந்தது.