எட்டு

களியக்காவிளையில் ஆனவண்டி ஏறும்போது
என் பையில் சோற்றுப் பாத்திரம் மட்டும்.
காகிதம் எதையும் ஆய்வகத்துக்கு வெளியே விடமாட்டார்கள்.
பதினெட்டு கிலோமீட்டரை நாற்பதாக்க வேண்டும்
என்பதைத் தலைக்குள் வைத்துத்தான் எல்லை கடக்கிறேன்,
தினமும் இரண்டு தடவை.

கடலடியில் நீர்மூழ்கி.
மேலே ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்று
கம்பியில் ஒரு காதைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறது.
கீழே இருப்பதற்கும் காது மட்டுந்தான்.
மூச்சடக்கிக் கேட்கும், குழாய் திறக்கும்,
ஏவுகணை நீரைப் பிளந்து வெளியே வந்து
கண் விழிக்கும்.
அதன் வாலிலிருந்து அவிழ்ந்துகொண்டே போகும்
தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி நூல்.
அது காண்பதெல்லாம் நூல்வழியே கீழே இறங்கும்.
நூல் தீர்ந்த இடத்தில் குருடு.

நீளம் கூட்டினால் கண்டு கனக்கும்.
மெலிதாக்கினால் பாதியில் அறும்.
ஏழு மாதம், பதிமூன்று கண்டுகள், எல்லாம் அறுந்தன.
உண்ணித்தான் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
மேசையில் தலை சாய்த்தார்.

நான் நீரோடிக்காரி.
ஆயிரங்கால் தூண்டிலைக் கூடையில் அடுக்குகிறவர்கள்
வட்டமாய்ச் சுற்றமாட்டார்கள்.
எட்டுப் போட்டு அடுக்குவார்கள்,
ஒரு வளையத்தின் முறுக்கை மறு வளையம் தின்றுவிடும்.
சொன்னேன். சுற்றினோம்.
நாற்பத்தொன்று வந்தது.
யாரோ பழம்பொரி வாங்கி வந்தார்கள், எண்ணெய் வழியும் பொட்டலத்தோடு.

என் அண்ணன் ததேயுஸும் எட்டுத்தான் போட்டான்.
புயல் வந்த அன்று எழுபது மைல் வெளியே இருந்தான்.
தேடப்போன ஹெலிகாப்டர்
எண்ணெய் இவ்வளவுதான், தூரம் இவ்வளவுதான் என்று
திரும்பி வந்தது.
படகு எந்த மாநிலத்துப் பதிவு என்று
பொழியூரில் ஒருவர் கேட்டார்,
இங்கே ஒருவர் கேட்டார்.
அந்தத் தூரத்தை நீட்டச் சொல்லி
எந்த ஆய்வகத்துக்கும் கடிதம் வரவில்லை.

நேற்று ஞாயிறு. பூசை முடிந்து
கடற்கரையில் நின்றிருந்தோம், நானும் மதினி பிரிஸ்காவும்.
தெற்கே இரைச்சல்.
அவள் செருப்பை விட்டுவிட்டு ஈரமணல்வரை ஓடினாள்,
இத்தனை வருடத்துக்குப் பிறகும்,
முந்தானையைக் கழற்றி வீசி வீசி.

நான் நின்ற இடத்தில் நின்றேன்.
கண்ணைச் சுருக்கி, விரலை நீட்டி,
இருபத்திரண்டு, இருபது, பத்தொன்பது...
எட்டும், என்றது வாய்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
"என்ன சொன்ன?"