ஜப்திப் பட்டியல்

வக்கீல் அஸ்முந்த் தோர்லைஃப்சனோடு நான் போன முதல் ஜப்தி
முப்பத்தொன்று ஜனவரி, சாண்ட்விக், வின்னிபெக் ஏரிக்கரை.
அவருக்கு வயது இருபத்தாறு. பேங்க்கின் வக்கீல்.
நான் கோர்ட்டு அமீனா. கையில் டிக்ரி,
சறுக்குவண்டியில் கயிறு.

ரன்வெய்கின் புருஷன் பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் போனவன்.
கடன் மட்டும் கரைக்கு நீந்தி வந்திருந்தது.
மேசை, தையல் மிஷின், வலைகள் முப்பது,
கடைசியில் அடுப்பு.
அணைத்துவிட்டுத் தூக்கலாம் என்றேன்.
நேரமில்லை என்றார்.
கெட்டிலை இறக்கி அவள் கையில் கொடுத்தேன்,
தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

ஈரச் சாக்கைச் சுற்றித் தூக்கினோம்.
கை மாற்ற வாசலில் ஒரு நிமிஷம் கீழே வைத்தோம்.
நான்கு கால்களும் பனிக்குள் இறங்கின.
எடுத்த இடத்தில் நான்கு குழிகள், ஆவியோடு.
நாய் வந்து மோந்துவிட்டுப் போகும்வரை
அவர் அங்கேயே நின்றார்.

அடுத்த மாதம் பேங்க்கை விட்டார்.
பேங்க்தான் அவரை விட்டது என்றார்கள். எனக்குத் தெரியாது.
மீனவர்களுக்கு வழக்காடினார்,
ஃபீஸ் ஒரு பெட்டி மீன், அதுவும் வாய்தா வாய்தாவாக.
முப்பத்தாறில் தேர்தலில் நின்றார், டெபாசிட் போயிற்று.
நாற்பத்தொன்றில் நாற்பத்து மூன்று ஓட்டில் ஜெயித்தார்.
அதில் என்னுடையது இல்லை.

சட்டசபையில் பன்னிரண்டு வருஷம்.
மந்திரியாகவில்லை. பாலம் வரும் என்றார், வரவில்லை.
குடித்தார்.
மனைவி தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.
பேப்பரில் இரண்டு முறை படம் வந்தது,
ஒன்றில் கண் மூடியிருக்கும்.

கடன் சட்டத்தில் ஒரு வரி மட்டும் அவருடையது.
பிரிவு பதினொன்று, உட்பிரிவு இ:
வலைகள், ஒரு படகு, ஒரு அடுப்பு,
எந்தக் கடனுக்கும் இவற்றைத் தொடலாகாது.
வலைக்கும் படகுக்கும் சபை தலையாட்டியது.
அடுப்புக்குச் சிரித்தது.
கனம் உறுப்பினர் சமையலுக்கு வக்காலத்தா என்றது எதிர்வரிசை.
அவர் எழுந்து
குழிகளின் ஆழம் சொன்னார். மூன்று அங்குலம்.
உட்கார்ந்துவிட்டார்.
இரண்டு ஓட்டில் நிறைவேறியது.

ஐம்பத்தெட்டு பிப்ரவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
தோற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது.
யார் யாருக்கோ போட்ட ஜாமீன், டிக்ரி இவர் பேரில்.
அமீனா நானே.
கதவைத் திறந்தபோது டை கட்டியிருந்தார்.

சட்டப் புத்தகங்கள் இருநூற்றுப் பத்து.
வலை இருக்கிறது அவர் எழுதிய பிரிவில்,
வக்கீலின் புத்தகம் இல்லை.
விட்டுப்போச்சு, என்றார்,
வேறு யாரோ வரைந்த பத்திரத்தைப் பார்ப்பதுபோல.

அடுப்பண்டை வந்ததும் பென்சில் நின்றது.
விதிப்படி வாசித்துக் காட்டவேண்டும்.
பதினொன்று, இ. வாசித்தேன்.
தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.
ஒரு கட்டையை உள்ளே தள்ளி
கெட்டிலை ஏற்றினார்.

காபி கொடுத்தார், குடித்தேன்.
புத்தகங்களை லாரியில் ஏற்றக் கூடவே வந்தார்,
கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.
என் முடிச்சு சரியில்லையென்று
அவிழ்த்து, திரும்பக் கட்டினார்.