ஓய்

மூன்று மணி வெயில். லெபோ பாசாரில்
பாட்டுக்கடை ஸ்பீக்கர்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருக்க
ஒருத்தி வந்து காகிதத்தை நீட்டினாள்.
கசான்காரி. இங்கே பல்கலைக்கழகத்தில் கடற்பாசி படிக்கிறாள்.
சாப்பு வேண்டும், முதல் எழுத்து இப்படி:
ஒரு சுழி, அதன் முதுகில் சாய்ந்த கோல்,
கோலுக்கு அடியில் சின்ன வால்.

அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

அவள் ஊரார் அரபியை விட்டு லத்தீனுக்கு வந்து
லத்தீனை விட்டு ரஷ்ய எழுத்துக்குப் போகும்வரை
பத்துப் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்ததாம்.
பிறகு ஓர் உத்தரவு.

கணினியில் தேடினேன், கிடைத்தது.
ஒலி என்னவோ தொண்டையில் உரசி வருகிற க.
பட்டியல் போட்டவர்கள் உருவத்தைப் பார்த்து
ஓய் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.
வைத்த பெயரை மாற்றுவதில்லை, அது அங்கே விதி.

எனக்குச் சிரிப்பு வந்தது.
ஓய்ந்துபோனதற்கு ஓய் என்றே பெயர்.
அவளுக்கு எப்படிச் சொல்ல?

அப்பா எழிலரசு என்றுதான் சொன்னாராம்.
பதிவு இலாகா குமாஸ்தா காதில் ழ தங்கவில்லை.
ஐசியில் நான் எலியரசு.
மாற்றலாம். சத்தியப் பிரமாணம், கையெழுத்து, அதன்மேல் ஒரு சாப்பு.
அந்தச் சாப்பைச் செய்து கொடுப்பவனே நான்தான்.
போகவில்லை.

ரசீதுக்குப் பெயர் கேட்டேன். சொன்னாள்.
உயர்ந்தவள் என்று பொருளாம்.
தமிழில் எழுதினேன்: காலியா.
கார் நிறுத்துமிடத்தில் கேட்கிற கேள்விபோல் இருந்தது.
எங்கள் ஒற்றைக் க-வுக்குள் நாலைந்து பேர் குடித்தனம்,
தட்டினால் யார் திறப்பார் என்று தெரியாது.

திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினாள்.
நான் காறித் துப்புகிறவன்போல் முயன்றேன்.
அதற்குள் போன் அடித்தது.
"பகல்ல கூப்பிடாதன்னு சொன்னேனே, மகனே..."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.
அதுதான்! இன்னொரு முறை!

மகன், என்றேன்.
பகல். அகல். முகம்.
ஐம்பத்தெட்டு வருஷமாக வாயிலேயே வைத்திருக்கிறேன்,
இப்படி ஒருத்தர் இருப்பது தெரியாது.
போனில் அவன் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தான்.

ரப்பரில் எல்லாமே இடம் வலம் மாறித்தான் பிறக்கும்.
மை தொட்டு முதல் அச்சை அவள் மணிக்கட்டில் வாங்கிக்கொண்டாள்.
பதினெட்டு வெள்ளி.

பூமாலைக் கடை தாண்டும்போதுதான் பார்க்கிறேன்,
குடையை விட்டுப் போகிறாள்.
பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்து
வந்தது வேறு:

ஓய்!

தெருவில் நாலு பேர் திரும்பினார்கள்.
அவளும்.