பன்னிரண்டு டிகிரி

பத்தொன்பது வருடம் அசையாத கழுத்து
பிப்ரவரி ஏழாம் தேதி அசைந்தது.
டுரோம்சோவில், பேக்கரி வாசலில்,
உறைந்த நடைபாதையில் ஒரு வழுக்கல்.

ஆறாம் எலும்புக்கும் ஏழாவதற்கும் நடுவே முறிவு.
படத்தைப் பார்த்தேன்:
கணுவெல்லாம் ஒன்றாக இறுகிய மூங்கில்,
குறுக்கே ஒரு வெடிப்பு.
ஆர்ன்லியோட்டின் முதுகில் அந்த வெடிப்பு ஒன்றுதான்
இப்போது மூட்டு.

ஆம்புலன்ஸ் பையன் மிக்கெல்
பலகையில் நேராகக் கிடத்தப் போனான்.
"விரல் மரத்துப் போகுது" என்றார்.
உடனே ஜாக்கெட்டைக் கழற்றிச் சுருட்டி
அந்தரத்தில் நின்ற தலைக்கு அடியில் கொடுத்தான்,
மைனஸ் பதினொன்றில், அரைக்கைச் சட்டையோடு.
நான் பிறகு செய்ததைவிட அது பெரிய வைத்தியம்.
கேஸ் ஷீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

இரவு அவர் கேட்டார்:
"எப்படியும் உடைஞ்சாச்சு.
ஒட்டும்போது கொஞ்சம் நிமிர்த்தி ஒட்டுங்களேன்.
என் பல் டாக்டரின் பூட்ஸ் தெரியும், முகம் தெரியாது.
போன மாதம் சூரியன் திரும்பி வந்ததைக்கூட
கார் பானெட்டில்தான் பார்த்தேன்."

தலைகுனிய அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.
ஆனால் நிமிர்த்துவது என்பது
எங்கள் தொழிலில் பயந்து சொல்கிற வார்த்தை.
தண்டுவடம் அந்த வளைவுக்கே பழகிப்போனது.

மூக்கு வழியாக விளக்கோடு குழாய்.
எட்டுக் கைகள் சேர்ந்து குப்புறப் புரட்டினோம்.
மேலே ஆறு திருகு, கீழே ஆறு,
இரண்டு டைட்டானியம் கம்பி, இன்னும் பூட்டாமல்.
மண்டையைப் பிடித்த கவ்வியை மெல்ல உயர்த்தினேன்.
திரையருகே யோருன்:
"இருக்கு... இருக்கு... இருக்கு..."
பதின்மூன்றில் சத்தம் இல்லை.
"இடது கால் குறையுது."

ஒரு டிகிரி இறங்கினேன்.
யாரும் மூச்சு விடவில்லை, இயந்திரத்தைத் தவிர.
"வந்துட்டு."
பூட்டினேன்.

ஆறாவது வாரம், கழுத்துப் பட்டையோடு,
ஜன்னலருகே நின்றிருந்தார்.
வானம் தெரிகிறதா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.
அவரே சொன்னார்:
"எதிர்க்கரை மலை, இடுப்பு வரைக்கும்.
மிச்சத்துக்கு நாற்காலியைச் சாய்ச்சுக்கறேன்."

மிக்கெல் ஜாக்கெட்டை வாங்கிப்போக வந்தான்.
பழக்கத்தில் முதலில் அவன் பூட்ஸைப் பார்த்தார்.
பிறகு முழங்கால், பெல்ட், சட்டைப் பொத்தான்கள்.
மூன்றாவது பொத்தானில் பார்வை நின்றது.

மிக்கெல் நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தான்.