புத்தாரே

கிளிநொச்சியில் பொய்க்கால் செய்கிற கட்டடத்தில்
எனக்குத் தட்டச்சு வேலை.
பெயர், கிராமம், எந்தக் கால்,
முழங்காலுக்கு மேலா கீழா.
அம்பியூட்டேசன் என்ற சொல்லை
நாளுக்கு நாற்பது தரம் அடித்து
விரல்களுக்கு அது பாடம்.

கரண்ட் இல்லாத மழைநாளொன்றில்
வைத்திய அகராதியைப் புரட்டினேன்.
அந்தச் சொல்லின் வயிற்றில்
ஒரு இலத்தீன் வினை கிடந்தது: புத்தாரே.
முதலில் துப்புரவாக்குதல்.
பிறகு, கொப்பு கழித்தல்.
ஒரு திராட்சைக்காரன் கத்தியோடு
கொடியைச் சுற்றிச் சுற்றி வந்திருப்பான்,
எதை விட, எதைக் கழிக்க என்று
கண்ணாலேயே கணக்குப் பார்த்தபடி.
அப்படித்தான் போல
வெட்டு கணக்காகி
கணக்கு நினைப்பாகியிருக்கிறது.

அம் என்றால் சுற்றிவர.
சுற்றிவர வெட்டினால், என் இடது கால்.
கொம் என்றால் சேர்த்து.
சேர்த்து எண்ணினால்
முன்னால் இருண்டு கிடக்கிற கொம்பியூட்டர்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
மேசைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.
மூன்று மாதமாய்க் கோப்பில் கையெழுத்து வைக்காத
டெபியூட்டி டைரக்டரும்
இந்தக் குடும்பம்தானாம்.
சிரித்துவிட்டேன்.
காண்டீபன் சாந்து காயாத கையோடு
எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

தமிழில் எண்ணு என்றாலும்
நினை; தொகை பார்.
அந்தச் சொல்லுக்குள் எங்காவது கத்தி இருக்கிறதா என்று
நெடுநேரம் தடவினேன்.
இல்லை.
கத்தியை வெளியில் வைத்துவிட்டு வந்து
எண்ணுகிற ஆட்கள் நாங்கள்
என்று பெருமைப்படப் பார்த்தேன்.
முகாமில் விடியவிடிய வரிசையில் நிறுத்தி
எங்களை எண்ணியது நினைவில் வந்தது.
அகராதியை மூடினேன்.

பின்னேரம் தேராவிலிலிருந்து புஷ்பகாந்தன் வந்தார்.
வலது, முழங்காலுக்குக் கீழே.
வேலிக்குக் கதியால் வெட்டக் காட்டுக்குப் போன இடத்தில்
மிதித்துவிட்டாராம்.
அதற்குமுன் கிளுவையில் இரண்டு தடி
வெட்டி முடிந்திருந்ததாம்.
தூக்கிவந்த ஆட்களில் யாரோ ஒருவர்
அதையும் தூக்கிவந்து
பொட்டுக்குப் பக்கத்தில் ஊன்றிவிட,
இரண்டுமே பிடித்துக்கொண்டதாம்.
ஆடியில் ஒருக்கால் கழிக்காவிட்டால்
ஒழுங்கைக்குள் சாய்ந்து
பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளை மறிக்குதாம்.
இப்போது மனிசிதான் கழிக்கிறாவாம்,
அவருக்குப் பிடிக்காத மாதிரி, ஒட்ட ஒட்ட.

இதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

கரண்ட் வந்தது.
‘வேறு குறிப்புகள்’ என்ற இடத்தில்
தடி இரண்டு
என்று அடித்து வைத்தேன்.