ஆப்பு

பிரேக் பேடைக் கழற்றி விளக்கடியில் பிடிக்கிறேன்.
மேல்முனை எட்டு மில்லி, கீழ்முனை மூன்று.
விறகு பிளக்கிறவன் கேட்டால் கொடுத்துவிடலாம்,
அச்சு அசல் ஆப்பு.

யேசெனித்சேயில் நவம்பர் இன்னும் மழைதான்.
பின்சீட்டில் காலி ரொட்டிக் கூடைகள்,
நாளை ஐந்து மணிக்கு அவை நிரம்பவேண்டும்,
இடது முன்சக்கரமோ தரையில் மல்லாந்து கிடக்கிறது.

ரப்பர் புஷ் இருந்த காலத்திலும் இதே ஆப்புதான் விழுந்தது.
அப்போது பழிபோட ரப்பர் இருந்தது.
"நீ மிதிக்கிறாய், ரப்பர் நெளிகிறது,
காலிப்பர் தலை சாய்க்கிறது, பேட் ஒருபக்கமாய்த் தேய்கிறது.
இதில் புரியாமல் என்ன இருக்கிறது, யெர்னேயா?"
என் தம்பி ப்லாஷுக்கு எல்லாமே புரிந்தவைதான்.
வாரநாளில் எனக்கு ரொட்டி வண்டி,
ஞாயிறு அவனுக்கு மலையேற்றப் பந்தயம்.
காரும் ஒன்று, மிதியும் ஒன்று,
மிதிக்கிற கால்தான் வேறு வேறு.

வெண்கலப் புஷ்கள் தபாலில் வந்தன.
எட்டு. காதில் மாட்டிக்கொள்ளலாம் போல மினுக்கம்.
ஏழு மில்லி ஆலன் கீயால் பின்களைக் கழற்றினோம்.
பழைய ரப்பர் கடைவாய்ப் பல் போல
முனகிக்கொண்டு வந்தது.
துளையைத் துடை, இன்னும் துடை,
ஓ-ரிங்கில் கிரீஸைக் கண்மை அளவுக்குத் தடவு,
கையால் அழுத்து, சுத்தியல் கூடவே கூடாது
என்று சொல்லிக்கொண்டே
நாலாவதற்குச் சுத்தியலைத் தேடியவன் அவனேதான்.
கடைசியில் பின்னை நட்டுவைத்து விட்டோம்:
தன் எடையிலேயே வழுக்கி இறங்கியது.
இரண்டு பேரும் சும்மா நின்று பார்த்தோம்.

மறுநாள் வ்ர்ஷிச் கணவாய்.
மிதித்தால் மேசையை மிதித்த மாதிரி உறுதி.
ஆனால் கல்பாவிய கொண்டை ஊசி ஒவ்வொன்றிலும்
டக்.
இருபத்துநாலு வளைவு, இருபத்துநாலு டக்.
மேலே மலைவிடுதியில் லுட்விக்,
"மூன்று வளைவுக்கு முன்பே கேட்டுவிட்டது"
என்று காபியை ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்தார்.

வெண்கலம் நெளியாது. மன்னிக்கவும் செய்யாது.
வருஷத்துக்கு இரண்டு முறை கழற்று, துடை, பூசு.
மார்ச், அக்டோபர் என்று ஷெட் கதவில் டேப் ஒட்டிவிட்டு
கிராட்ஸுக்கு வேலைக்குப் போனான்.
"ஒரு வருஷம் தாங்கமாட்டாய்," என்றான்.
பத்து யூரோ பந்தயம்.

அக்டோபரில் கூட்டம். மார்ச்சில் இடுப்புவலி.
நடுவில் குளிர்காலம் முழுக்க
ராத்தெசே வரைக்கும் சாலையெல்லாம் உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
நான் மறந்தேன்,
உப்பு என்னை நினைத்துக்கொண்டிருந்தது.

மே மாதம் கணவாய் திறந்தபோது
டக் இல்லை.
நன்றாய்ப் பொருந்திவிட்டது என்று
எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!
"நீ வருவதே கேட்கவில்லையே," என்று
லுட்விக் காபிக்குத் தண்ணீர் வைக்க எழுந்தார்.
கோடை முழுக்க அந்த அமைதியில் ஏறி இறங்கினேன்.
ஸ்டியரிங் கொஞ்சம் ஒருபக்கம் இழுத்தது.
சாலை சாய்வு என்று நினைத்தேன்.

இப்போது கீழ்ப் பின் அசையவில்லை.
எண்ணெய் விட்டுக் காத்திருக்கிறேன்,
திருகுகிறேன், காத்திருக்கிறேன்.
வருகிறது, பச்சைக் களிம்பு அப்பிக்கொண்டு.
பல் துலக்கும் பழைய பிரஷ், துணி, திரும்பவும் துணி.
புஷ்ஷுக்கு ஒரு கீறல் இல்லை. குற்றமெல்லாம் என் கணக்கில்.
புதுப் பேட், மெல்லிய கிரீஸ்,
டார்க் ரெஞ்ச் முப்பதில் சொடுக்குகிறது.

சக்கரத்தை மாட்டுமுன்
காலிப்பரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன்.
டக்.

மேசைமேல் போன் அதிர்கிறது.
"வருஷம் ஆயிற்றே, புஷ் எப்படி?"
கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன்:
"அதே பழைய சத்தம்தான்.
பத்து யூரோவை அனுப்பு."